மேலே எழுதினால் கோபித்துக்கொள்வார்களா?

ஜூலை பிறந்தால் போதும், எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் ஒரு புத்திமதி காதில் விழும். "கிடைக்கிறதை முதல்ல போடு, ஆசைப்பட்டதை அப்புறம் போட்டுக்கலாம்." இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குச் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசையில் பட்டியல் போடுவது, செய்யப்போகும் பிள்ளையிடம் மாமா இதைச் சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வான், பிரவுசிங் சென்டர்காரர் சொல்வார். பெரும்பாலும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். ரிசல்ட் வந்ததிலிருந்து அட்மிஷன் முடியும்வரை பிள்ளைகள் தாளும் கையுமாக என்னிடம் வந்து போவார்கள். மதிப்பெண்ணால் இழந்ததைவிட இந்த ஒற்றை வாக்கியத்தால் அவர்கள் இழந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஏன் அது தப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் ஒதுக்கும் கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே படிக்கிறது. முதல் வரியில் இருக்கும் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், பொதுப் பிரிவிலோ உங்கள் இனத்துக்கான ஒதுக்கீட்டிலோ இடம் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால் இரண்டாம் வரி. அதுவும் இல்லையென்றால் மூன்றாம் வரி. அவ்வளவுதான். உங்கள் முறை எப்போது வரும் என்பதை உங்கள் ரேங்க் முடிவு செய்கிறது. பட்டியலில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதற்கும் அந்த முறைக்கும் சம்பந்தமே இல்லை. எட்டாத கல்லூரியை முதல் வரியில் எழுதினீர்கள் என்பதற்காக உங்களை யாரும் பின்னால் தள்ளுவதில்லை. இடம் இல்லையென்றால் அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போகும், ஒரு நஷ்டமும் கிடையாது. ஆனால் நிச்சயம் கிடைக்கக்கூடிய கல்லூரியை முதல் வரியில் எழுதினால், கம்ப்யூட்டர் அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி இருந்தாலும் சரி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.) இருந்தாலும் சரி, படிக்கவே படிக்காது.

இவ்வளவு நேரான விஷயம் ஏன் எல்லோருக்கும் தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பழைய கவுன்சலிங்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2017 வரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். விடியற்காலையில் பஸ் இறங்கி, ஹாலில் உட்கார்ந்து, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் பாக்கி என்று திரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் எண்ணைக் கூப்பிடும்போது மிச்சம் இருப்பதில் ஒன்றைச் சொல்லிவிட்டு ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு திரும்ப வேண்டியதுதான். அங்கே 'கிடைக்கிறதைப் பார்' என்பது சரியான புத்திமதி, ஏனென்றால் என்ன கிடைக்கும் என்பது கண்ணுக்கு முன்னால் இருந்தது. 2018இல் ஆன்லைனுக்கு மாறியபோது முறையே மாறிவிட்டது. இப்போது என்ன மிச்சம் என்று பார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது எது முதலில், எது இரண்டாவது என்று உங்கள் மனசைச் சொல்வது மட்டும்தான். கிண்டி ஹாலில் உட்கார்ந்துவிட்டு வந்த தலைமுறைதான் இன்று மாமாவாகவும் சித்தப்பாவாகவும் இருக்கிறது. அவர்கள் தாங்கள் கற்றதை அப்படியே கைமாற்றிக் கொடுக்கிறார்கள்.

பதினான்காம் வரி

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், பள்ளி ஹைடெக் லேபுக்கு ஒரு மாணவி அப்பாவோடு வந்தாள். கட் ஆஃப், அதாவது கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை 200க்குக் கணக்கிட்டது, 171.5. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, ஆகவே 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். கையில் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த இரண்டு தாள். "எல்லாம் போட்டாச்சு டீச்சர், நீங்க ஒருக்கா பார்த்துட்டீங்கன்னா லாக் பண்ணிடலாம்" என்றார். முதல் ஏழு வரியும் ஒரே தனியார் கல்லூரி, அங்கே இருக்கிற ஏழு பாடப்பிரிவும் வரிசையாக. அதற்குப் பிறகு அதே வட்டாரத்தில் இன்னும் சில கல்லூரிகள். பதினான்காம் வரியில் வேலூர் பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, எலக்ட்ரிக்கல். தாளைத் திருப்பினேன். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் ஒரு செல்போன் எண். யாருடையது என்று கேட்டேன். "அந்தக் காலேஜு அண்ணன் நம்பர் மிஸ். ரிசல்ட் வந்த அன்னைக்கே வீட்டுக்கு வந்தாங்க. அவங்கதான் சென்டர்ல உட்கார்ந்து போட்டுக் கொடுத்தாங்க."

உனக்கு என்ன பிடிக்கும் என்று அவளிடம் கேட்டேன். பதில் வரவில்லை. அப்பாதான் சொன்னார்: "மோட்டார் ஸ்டார்ட்டர்ல ரிலே போச்சுன்னா இவதான் டீச்சர் திறந்து பார்ப்பா. லைன்மேன் வர்ற வரைக்கும் நாங்க காத்திருக்க மாட்டோம்." அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "அப்ப எலக்ட்ரிக்கல் ஏன் பதினாலாவது வரியில இருக்கு?" என்றேன். "அது கவர்மென்ட் காலேஜு மிஸ். நமக்கெல்லாம் வராதுன்னு சொன்னாங்க. அதான் கீழ."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கும் என்று பேனாவால் வரி வரியாகத் தட்டிக் காட்டினேன். முதல் வரியிலேயே நின்றுவிடும், பதினான்காம் வரிக்கு வராது என்று காட்டியதும் அப்பாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்தது. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "நமக்கு வராதுன்னு தெரிஞ்சும் மேல எழுதினா, அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா மிஸ்?"

அந்தக் கேள்வியைத் தாண்டி என்னால் இன்றுவரை போக முடியவில்லை. யார் கோபித்துக்கொள்வார்கள்? கவுன்சலிங் நடத்துகிற தொழில்நுட்பக் கல்வி இயக்ககமா? கிண்டிக் கல்லூரியா? அவளுக்கே தெரியாது. ஆனால் கேட்டால் யாரோ கோபிப்பார்கள் என்பது மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து அவள் பார்த்தது அதுதானே. சாதிச் சான்றிதழுக்குப் போனால் நாளைக்கு வா, வங்கிக்குப் போனால் தள்ளி நில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ. எந்தக் கவுண்டரிலும் 'எனக்கு இதுதான் வேண்டும்' என்று சொல்லிப் பழக்கமில்லை. அதே வருடம் டவுனில் பெரிய தனியார் பள்ளியில் படித்த ஒரு பையன், இவளைவிடக் குறைந்த கட் ஆஃப், அறுபது வரிக்கு மேல் பட்டியல் போட்டிருந்தான். முதல் பத்து வரியும் அண்ணா பல்கலைக்கழகம், பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி. என்று அச்சமே இல்லாமல். அவனுக்கு அந்தப் பத்தும் கிடைக்கவில்லை. ஒருவரும் கோபிக்கவும் இல்லை. எட்டினால் எட்டட்டும் என்று எழுதிப் பார்க்கும் தைரியத்தை அவன் வீட்டில் பிறந்த நாளிலிருந்தே ஊட்டியிருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் இருக்கும் தூரம் பாதி மதிப்பெண், பாதி இதுதான் என்று நான் முழு மனசோடு நம்புகிறேன்.

"யாரும் கோவிச்சுக்க மாட்டாங்கம்மா. இது உன் தாளு. நீ எழுதறதுதான்" என்றேன். லாங்சைஸ் நோட்டில் ஒரு தாள் கிழித்துக் கொடுத்தேன். முதல் வரியில் கிண்டி எலக்ட்ரிக்கல். அடுத்து கோவை ஜி.சி.டி. எலக்ட்ரிக்கல் என்று எழுதிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் "எழுதும்மா" என்றார். அப்புறம் சேலம் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி, வேலூர், அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டாவதாகப் பிடித்த எலக்ட்ரானிக்ஸ் இதே கல்லூரிகளில், ஆரணியில் இருக்கும் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி, பிறகு விசாரித்துத் தெரிந்த நல்ல தனியார் கல்லூரிகள். அந்த ஏழு வரிக் கல்லூரியும் இருந்தது, கடைசியில். சேலம் கிடைத்தது. முதல் பட்டியலில் சேலம் என்ற பெயரே இல்லை. அவளுக்கு அந்தக் கடைசி வரியே கிடைத்திருந்தாலும் இரண்டாவது பட்டியல்தான் சரியான பட்டியல் என்பேன். மேலே இருப்பது எதுவும் இல்லாததால்தான் இது வந்தது என்று தெரிந்து சேர்வது வேறு, கேட்கவே இல்லாமல் சேர்வது வேறு.

பழைய கட் ஆஃபை என்ன செய்வது

கடந்த வருடங்களில் எந்தக் கல்லூரி எந்தக் கட் ஆஃபில் மூடியது என்ற விவரம் இனவாரியாகக் கவுன்சலிங் இணையதளத்திலேயே கிடைக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து, தங்கள் மதிப்பெண்ணைவிட அதிகமாக இருக்கும் கல்லூரிகளை எல்லாம் பேனாவால் அடித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் மேலே அடிப்பதற்கானது இல்லை, கீழே சேர்ப்பதற்கானது. போன வருடம் உங்கள் ரேங்குக்கு நன்றாகப் பின்னாலும் இடம் இருந்த கல்லூரிகளில், உங்களுக்குச் சம்மதமான சிலவற்றைப் பட்டியலின் அடியில் சேர்த்து வைத்தால் இடமே கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகும் ஆபத்து குறையும். எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம், உச்சவரம்பு இல்லை. இருபது வரியோடு நிறுத்திவிட்டுக் கைபிசைகிறவர்களைப் பார்க்கிறேன்.

இன்னொன்று, கணக்கு டீச்சராகச் சொல்கிறேன். மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள், ரேங்கை ரேங்கோடு ஒப்பிடுங்கள். ஒரு வருடம் கணக்குக் கேள்வித்தாள் சுலபமாக வந்து நூற்றுக்கு நூறு குவிந்தால் எல்லோருடைய கட் ஆஃபும் ஏறும். அந்த வருடம் 180 எடுத்தவர் நிற்கும் இடத்தில் அடுத்த வருடம் 176 எடுத்தவர் நிற்கலாம். மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்று தேவையில்லாமல் பயப்படுவீர்கள், இல்லை தேவையில்லாமல் நம்பிக்கை வைப்பீர்கள். உங்கள் இனத்தின் ரேங்க் எண்ணை எடுத்து, போன வருடம் அந்த எண்ணில் இருந்தவருக்கு எது கிடைத்தது என்று பாருங்கள்.

எது மேலே, எது கீழே

சரி, மனசுக்குப் பிடித்ததை மேலே எழுது என்று சொல்லிவிட்டோம். ஆனால் பதினேழு வயசுப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? விசாரித்துத்தான் தெரிய வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் '100 சதவீத பிளேஸ்மென்ட்' என்பதையும், கோட் போட்ட நான்கு பேர் படத்துக்குக் கீழே இருக்கும் லட்சக் கணக்கையும் ஒதுக்கி வையுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்க வேண்டும். பக்கத்தின் அடியிலோ மூலையிலோ என்.ஐ.ஆர்.எஃப். என்று ஒரு சுட்டி இருக்கும். அதைத் திறந்தால் முதல் வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், நான்கே வருடத்தில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வருடவாரியாக இருக்கும். சேர்ந்தவர் எண்ணிக்கைக்கும் நான்கு வருடத்தில் முடித்தவர் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பாருங்கள். அரியரில் நிற்கும் பிள்ளைகள் அந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு அங்கே போட்டிருப்பது மீடியன், அதாவது நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் நடத்துகிற இடைநிலை அளவு. வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் சம்பளம். ஒருவருக்கு நாற்பது லட்சம் கிடைத்ததால் இது ஏறிவிடாது. போஸ்டரில் இருப்பதைவிட உங்கள் பிள்ளைக்கு நெருக்கமான எண் இது.

அதே ஆவணத்தில் ஆசிரியர் பட்டியலும் இருக்கும், அவரவர் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பதோடு. அதைத்தான் நான் ரொம்ப நேரம் பார்ப்பேன். பத்து, பதினைந்து வருடமாக ஒரே இடத்தில் இருப்பவர்கள் கணிசமாக இருந்தால் அந்தக் கல்லூரி சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்கிறது, ஆசிரியரை மதிக்கிறது என்று அர்த்தம். பாதிப் பேர் கடைசி ஓராண்டுக்குள் சேர்ந்தவர்கள் என்றால் மற்றவர்கள் ஏன் போனார்கள் என்று யோசியுங்கள். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 பேரை ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்று வெளியிட்டது நினைவிருக்கும். காகிதத்தில் இருக்கும் ஆசிரியர் வகுப்பில் இருக்கிறாரா என்பதை அந்தக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டால்தான் தெரியும். ஒரு சாதாரண வேலை நாளில் போங்கள். கல்லூரி பஸ் வந்து நிற்கும் இடத்தில் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: போன செமஸ்டரில் ஏதாவது பேப்பருக்குப் பாதியில் ஆள் மாறினார்களா? லேபில் நீயே மெஷினைத் தொட்டுச் செய்தாயா, இல்லை பத்துப் பேராக நின்று பார்த்தாயா? தமிழ் வழியில் படித்த பிள்ளையாக இருந்தால் மூன்றாவதாக ஒன்று: முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பரில் எத்தனை பேர் விழுந்தார்கள்? விழுந்தவர்களுக்குத் தனி வகுப்பு எடுத்தார்களா?

கல்லூரிகளின் தரத்தைப் பார்த்து இரண்டு அங்கீகாரம் தருகிறார்கள். நாக் அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் தருவது. என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. கல்லூரி வாசலில் என்.பி.ஏ. என்று போர்டு இருக்கும், ஆனால் உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கு அது இருக்காது. எந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று கேளுங்கள். கல்லூரியின் பெயரைவிடக் கவுன்சலிங் குறியீட்டு எண்ணைப் பாருங்கள், ஏனென்றால் ஒரே டிரஸ்ட்டின் இரண்டு கல்லூரிகளுக்குப் பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம் இருக்கும். கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் மாதிரி அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சில படிப்புகளுக்கு உதவி பெறும் இடம், சுயநிதி இடம் என்று இரண்டு பாடப்பிரிவுக் குறியீடு இருக்கும். கட்டணம் ஏகமாக வேறுபடும்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு மண்டலத்தில் இருக்கிற எல்லாக் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயன்ஸையும் எழுதிவிட்டு, அப்புறம்தான் மற்றதைத் தொடுகிறார்கள். பிடித்துப் படிக்கிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் 2024-25இல் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. இடங்களுக்கான உச்சவரம்பைத் தளர்த்திய பிறகு பல கல்லூரிகளில் இந்தப் பிரிவில் இடம் பெருகிவிட்டது. அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி எல்லாப் பிரிவுக்கும் இருந்தது. மெக்கானிக்கல் படித்தாலும் சிவில் படித்தாலும் அதைப் படிக்க வேண்டியிருந்தது. நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படிக்கிற பிள்ளைக்கு மென்பொருள் வேலைக்கான கதவு மூடிவிடுவதில்லை. ஆள் இல்லாத கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் வைத்த படிப்பில் சேர்வதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆகவே மேலே கல்லூரியா பாடமா என்று குழம்பினால், அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் வரை கல்லூரியைப் பாருங்கள், அதற்குக் கீழே ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள் என்பது என் கட்சி. பாடம் ஒன்றின் மேல் நிஜமாகவே ஆசை இருக்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது. அவள் பாடத்தையே பிடித்துக்கொள்ளட்டும்.

ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து விதமாகப் பதில் சொல்லலாம். பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு போதும். இதுவே போதும், சேர்கிறேன் என்பது ஒன்று. இதை ஏற்கிறேன், மேலே ஏதாவது காலியானால் அதைக் கொடுங்கள் என்பது இரண்டு, இதைத்தான் அப்வேர்டு என்கிறார்கள். இந்த இரண்டாவதுக்குப் பயந்து பலர் முதலாவதை அழுத்துகிறார்கள், கையில் இருப்பது போய்விடும் என்று. போகாது. மேலே கிடைக்கவில்லையென்றால் கையில் இருப்பது உங்களுக்கே. ஆனால் மேலே கிடைத்துவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. அதனால்தான் பட்டியலை வரிசைப்படுத்தும்போதே சொல்கிறேன்: கையில் வந்ததைவிட உங்களுக்கு விருப்பம் குறைந்த எதுவும் அதற்கு மேலே இருக்கக் கூடாது. பெருமைக்காக மேலே போட்ட ஒரு கல்லூரி, அப்வேர்டில் வந்து உட்கார்ந்தால் அழ வேண்டியிருக்கும். சேர்கிறேன் என்றவர்கள் ஒதுக்கிய கல்லூரிக்கும், அப்வேர்டு கேட்டவர்கள் கவுன்சலிங் சேவை மையத்துக்கும் சொன்ன நாட்களுக்குள் பணத்தோடும் சான்றிதழோடும் போய்விடுங்கள். நாள் தவறினால் இடம் போய்விடும்.

லாகின் பெயர், கடவுச்சொல், ஓ.டி.பி. மூன்றையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வீடு தேடி வந்து உதவுகிற கல்லூரிக்காரருக்கு முக்கியமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளையைச் சேர்ப்பதற்கு அவருக்குக் கமிஷன் இருக்கலாம், முதல் ஏழு வரியில் அவர் கல்லூரியை எழுத அவருக்குக் காரணம் இருக்கிறது. பதிவு செய்யும்போது கொடுக்கும் செல்போன் எண் வீட்டில் இருக்கும் ஆளின் எண்ணாக இருக்கட்டும். லாக் செய்யும் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ஒரிஜினல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் 'சும்மா வச்சிருக்கோம்' என்று எந்தக் கல்லூரி கேட்டாலும் ஒதுக்கீட்டு ஆணை வருமுன் கொடுக்க வேண்டாம். திரும்ப வாங்க முடியாமல் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே இ-சேவையில் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் எல்லோரும் ஒரே சமயத்தில் விழுவார்கள். கையோடு அரசு கலை அறிவியல் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 ரூபாய்தான், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய். இன்ஜினியரிங் வரவில்லையென்றால் போகிற இடம் என்று அதைச் சொல்லாதீர்கள். எங்கள் பள்ளியில் பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு இன்று ஆசிரியராக, வங்கி அதிகாரியாக இருப்பவர்கள் நிறைய.

பெண் பிள்ளை வீட்டில் கடைசியாக நிற்கும் கேள்வி ஹாஸ்டல். பட்டியல் எல்லாம் சரியாக இருக்கும், அப்பா 'அவ்வளவு தூரமா' என்று ஒரு வார்த்தை சொல்வார், சேலமும் கோவையும் பட்டியலிலிருந்து போய்விடும். அவர் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்காத இடத்துக்குப் பயப்படுவதைவிடப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஜூன் மாதம் ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய், வார்டனிடம் பேசி, மெஸ்ஸில் என்ன போடுகிறார்கள், இரவு எத்தனை மணிக்குக் கேட் பூட்டுகிறார்கள், ஊருக்குப் பஸ் எங்கே என்று கேட்டுவிட்டு வாருங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும், பையன் என்றால் தமிழ்ப் புதல்வன். செலவைச் சொல்லித் தடுக்க இப்போது காரணம் குறைவு.

பட்டியல் பூட்டுவதற்கு மூன்று நாள்தான் தருகிறார்கள், மூன்றாம் நாள் மாலை 5 மணியோடு முடிகிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் இணையம் படுத்துவிடும், அதனால் முந்தின நாளே பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிக்கும் 'இது ஏன் அடுத்ததுக்கு மேல இருக்கு' என்று அம்மாவோ அப்பாவோ கேளுங்கள். எனக்குப் பிடிச்சிருக்கு என்பதும் பதில்தான், அந்த லேப் நல்லா இருந்தது என்பதும் பதில்தான். 'அந்த அண்ணன் சொன்னாரு' என்று பதில் வந்தால் அந்த வரியை நகர்த்துங்கள். விவரம் தெரிந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளிக்குப் போங்கள். அந்த மூன்று நாளும் எங்கள் ஹைடெக் லேப் திறந்துதான் இருக்கும், எங்கள் பள்ளிப் பிள்ளைதானா என்று யாரையும் கேட்பதில்லை.